முழுக்கைச் சட்டை

தம்பி,

அம்மா பஸ் பார்சலில் போட்ட முறுக்கு டப்பா கிடைத்திருக்கும். முறுக்குக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்தது அவளுக்குத் தெரியாது. போனில் நான் ஏதாவது ஆரம்பித்தாலே நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், அதோடு எனக்கும் பேச்சு நின்றுபோகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவைப் பார்க்க திருமங்கலத்திலிருந்து வந்துவிட்டுப் போனார்கள், அதை அப்புறம் சொல்கிறேன். ராத்திரி ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுக்காதே. ரூமில் இருக்கிற பையன் ஊருக்குப் போனால் பக்கத்து ரூமில் போய்ப் படு.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த மூன்று நாளும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாய். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று அந்தக் கூட்டத்தில் ஊரே வியர்வையில் குளித்து நிற்கிறது, நீ மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. "காலேஜ் போய் டீசன்டா ஆயிட்டான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் 26 வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவன் தம்பி.

நீ குளிக்கப் போனபோது உன் பையைத் திறந்து பார்த்தேன். அந்த அட்டையைப் பார்த்ததும் பேரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. டேபென்டடால் மாத்திரை. கூடவே ஊசி. எடுத்தது எடுத்தபடி வைத்து ஜிப்பை மூடினேன். சாயங்காலம் ஆரப்பாளையத்தில் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு, கையில் 2,000 ரூபாயும் கொடுத்து அனுப்பினேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை, பணம் வேறு கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நம் வீட்டில் முதல் இன்ஜினியர் நீ. கடைக் கம்ப்யூட்டரில் பில் வராமல் நின்றபோது பன்னிரண்டாவது படிக்கிற பையன் வந்து பத்து நிமிஷத்தில் சரி செய்தான் என்று முதலாளி இன்னும் சொல்கிறார். மேலூர் மாமாவை வைத்துக்கொண்டு பாட்டி பட்டதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நீ. உனக்கா இது தெரியாது? சரி, திட்ட வரவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். டேபென்டடால், தாங்க முடியாத வலிக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை, மூளையில் அபின் போலத்தான் வேலை செய்யும். வாயில் போடுவதற்கென்று செய்த மாத்திரையில் கரையாத மாவு இருக்கிறது, ரத்தக்குழாயில் போனால் அடைக்கும், கை அழுகும். ஒருத்தர் போட்ட ஊசியை இன்னொருத்தர் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் வரும். அளவு மீறினால் தூக்கத்திலேயே மூச்சு குறைந்துகொண்டே போகும், பக்கத்தில் யாராவது இருந்தால் எழுப்பலாம், 108-க்கு அடிக்கலாம். கதவைத் தாழ் போடாதே என்று இதற்காகத்தான் சொல்கிறேன். இன்னொன்று, ஒரு வாரம் விட்டுவிட்டு மறுபடி பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது. நிறுத்தப் போகிறேன் என்று நீயாக ரூமில் அடைந்து கிடக்கவும் வேண்டாம். மேல்வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று அந்த முதல் நாட்களைத் தனியாகத் தாண்டுவது கஷ்டம். நாக்குக்கு அடியில் வைக்கும் மருந்தெல்லாம் இருக்கிறது, அதை டாக்டர் பார்த்துத் தர வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுதுகிறேனே, எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். நானும் விற்றிருக்கிறேன் தம்பி. நீ காலேஜ் சேர்வதற்கு முந்தின வருஷம் ஒரு பையன் வருவான், உன் வயசுதான் இருக்கும், தோளில் பை, போனில் ஏதோ ஒரு பழைய சீட்டின் போட்டோவைக் காட்டுவான். அது அவன் சீட்டு இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். முதலாளி "குடுத்துவிடு" என்றார், பில் போடாமல் இரண்டு மடங்கு விலைக்குக் கொடுத்தேன். நாலு மாசம். அவன் கையை நான் பார்த்ததில்லை, பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஒருநாள் வருவது நின்றுபோனது. அவனுக்கு என்ன ஆனது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்த 8,000 ரூபாயை எடுத்து வைத்துத்தான் உன் ஹாஸ்டல் அட்வான்ஸைக் கட்டினேன். அவன் அப்பாவும் எங்கேயோ ஒரு பையைத் திறந்து பார்த்திருப்பார். அம்மாவுக்கும் இது தெரியாது, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

போலீஸுக்கோ காலேஜுக்கோ போய்விடும் என்று பயப்படாதே. இதற்கு வைத்தியம் பார்க்க வருகிறவரின் விவரத்தையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ல் வந்த மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது. 14446 போதையை விட உதவுகிற இலவச எண், பேர் சொல்லாமலே பேசலாம். மனசு சரியில்லை என்றால் 14416. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் ஆரம்பித்த மையத்தில் குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவார்கள். அங்கே போனாலும் சரி, கோவை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனாலும் சரி, நான் கூட வருகிறேன். ஒரு செமஸ்டர் போனால் போகட்டும். அக்கா கல்யாணத்துக்கு இதனால் என்ன ஆகும் என்று நீ யோசிக்காதே, அது என் கவலை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். சிங்காநல்லூர் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக நிற்பேன், எத்தனை மணி ஆனாலும் நிற்பேன். அதுவரைக்கும் கதவைத் தாழ் போடாதே. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா, பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். டப்பாவை மறக்காமல் எடுத்து வா, அம்மா கேட்பாள்.

அப்பா