இருப்பதை ஒளிக்காதீர்கள்: க்னோம் கோப்பு மேலாளர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸின் க்னோம் திரைச்சூழலில் கோப்புகளையும் ஃபோல்டர்களையும் காட்டும் நாட்டிலஸை உருவாக்கிவரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வந்த பலரில் நானும் ஒருத்தி. உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறேன். தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில் என்பதால், பிரவுசரைவிட உங்கள் கோப்பு மேலாளரில்தான் அதிகம் புழங்குகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலின் கோப்புகள் என்னிடம் வரும்போது 'இயல் 3 ஃபைனல்', 'இயல் 3 ஃபைனல் புதுசு' என்றெல்லாம் கலவையாக வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 தட்டினால் பெயர் மாற்றும் பெட்டி திறக்கிறது. 'ஃபைனல்' என்பதைத் தேடி மொத்தமாக நீக்கலாம். 01, 02 என்று வரிசை எண் போடலாம். பழைய பெயரும் வரப்போகும் பெயரும் அருகருகே தெரிகின்றன. பிடிக்கவில்லையா, ஒரு கன்ட்ரோல் இசட் போதும், அத்தனையும் பழையபடி ஆகிவிடும். விண்டோஸில் இந்த அளவு வசதிக்குத் தனியாக ஏதாவது மென்பொருள் போட்டாக வேண்டும். இதற்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் இந்தப் பெட்டி இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. என் மனத்தாங்கலே அதுதான்.

'புதிய ஆவணம்' விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலிருந்து வருகிறவர் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து புது டெக்ஸ்ட் ஃபைலைத் தேடுவார். புது ஃபோல்டர் மட்டும்தான் கண்ணில் படும். ஹோமுக்குள் டெம்ப்ளேட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் காலியாகக் கிடக்கிறதே, அதில் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டுவிட்டு மறுபடி ரைட் கிளிக் செய்தால் 'புதிய ஆவணம்' என்ற வரி முளைக்கிறது! நல்ல யோசனை. பக்க அளவு, எழுத்துரு எல்லாம் அமைத்த லிப்ரே ஆபீஸ் கோப்பு ஒன்றை அங்கே வைத்திருக்கிறேன். புது வேலை வந்தால் இரண்டு கிளிக்கில் தயார். தெரியாதவரோ அந்தக் காலி ஃபோல்டரை வேண்டாத குப்பை என்று அழித்துவிடுவார். மெனுவில் அந்த வரியை மங்கலாகவாவது எப்போதும் காட்டுங்கள். அதைத் தொட்டால், என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் வரட்டும்.

அடுத்தது, எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் கோப்புக்குத் தாவும் பழக்கம். 2012-இல் 3.6 பதிப்பில் அதை எடுத்துவிட்டுத் தேடலைக் கொண்டுவந்தீர்கள். எஃப்3 தட்டினால் ஜன்னல் இரண்டாகப் பிரியும் வசதியும் அப்போதுதான் போயிற்று. லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையைச் செய்பவர்கள் பழைய நாட்டிலஸிலிருந்து கிளைபிரித்து நீமோ என்ற கோப்பு மேலாளரைத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். பிரித்த ஜன்னல் போனதில் எனக்கு வருத்தமில்லை, டேப்கள் போதும். எழுத்தைத் தட்டித் தாவும் வசதி மட்டும் வேண்டும். 'ம' தட்டினால் 'ம'-வில் போய் நின்றால் போதும் எனக்கு. உள் ஃபோல்டர்களையெல்லாம் துழாவிப் பட்டியல் போட்டால் நான் நின்ற இடமே மறந்துபோகிறது. அமைப்புகளில் ஒரு பொத்தான் கொடுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்கிறோம்.

எடுத்த முடிவை மாற்றிக்கொள்வது உங்களுக்குப் புதிதல்ல. 2004-இல் ஒவ்வொரு ஃபோல்டரும் தனி ஜன்னலில் திறக்கும் முறையை இயல்பாக்கினீர்கள். 2010-இல் அதைக் கைவிட்டீர்கள். கோப்பைத் தேர்வு செய்யும் பெட்டியில் சிறுபடங்கள் காட்டும்படி 2004 முதலே கேட்டுவந்தார்கள். 2023-இல் க்னோம் 44-இல் அது வந்தது. அதே அளவு காத்திருக்க வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நாட்டிலஸைத் தொடங்கிய ஈசல் நிறுவனம் 1.0 வெளிவந்த 2001-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டும், நிரல் யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய கட்டற்ற நிரலாக இருந்ததால் நாட்டிலஸ் இன்றுவரை வாழ்கிறது. உரிமையோடு கேட்கும் தைரியம் எனக்கு அதிலிருந்துதான் வருகிறது.

கடைசியாக, தமிழில் பெயர் வைப்பவர்களுக்கான ஒன்று. வட்டில் கோப்புகளைச் சேமிக்க உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் கோப்புப் பெயருக்கு 255 பைட் வரை இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு யூனிகோட் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'க்' என்றாலோ 'டு' என்றாலோ மெய்க்கு மூன்று, புள்ளிக்கோ உகரக் குறிக்கோ இன்னொரு மூன்று. 'கட்டுரை' என்ற நாலெழுத்துச் சொல் 21 பைட்டைத் தின்றுவிடும். ஆக, ஐம்பது எழுத்துக்குள்ளேயே இடம் தீர்ந்துபோகும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸின் கணக்கு வேறு. அங்கே 255 குறிகள் வரை போகலாம். கட்டுரைத் தலைப்பையே பெயராக வைக்கும் ஆசிரியர்கள் பென் டிரைவில் தரும் கோப்பு இங்கே காபி ஆக மறுப்பது இதனால்தான்.

இது கோப்பு முறைமையின் வரம்பு, உங்கள் குற்றமில்லை. ஆனால் பிழைச் செய்தி உங்கள் ஜன்னலில்தான் வருகிறது. பெயர் நீளம் என்று சொல்வதோடு நிற்காமல், அங்கேயே பெயரைச் சுருக்கிக்கொள்ள ஒரு பெட்டியும், இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற எண்ணும் கொடுங்கள். இந்தி, வங்காளம், தாய்லாந்து மொழிக்காரர்களுக்கும் இதே மூன்று பைட் கணக்குதான். அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். சோதித்துப் பார்க்க நீளப் பெயர்க் கோப்புகள் வேண்டுமென்றால் என்னிடம் நிறையவே இருக்கின்றன.

அன்புடன்,
மெய்ப்புப் பார்க்கும் ஒருத்தி