ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல ஆள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

பரம்பரை இதய நோய்க்கான மரபணுப் பரிசோதனை பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டில் சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

என் தம்பி 34 வயதில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தான். எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் நடுச்சுவர் 22 மில்லிமீட்டர் தடித்திருந்தது, 15 தொட்டாலே சந்தேகப்படுவார்களாம். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப்போகும் நோய் என்றார்கள். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருப்பது. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடம் கோளாறான ஜீன் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமா நாற்பது வயதில் கரும்புத் தோட்டத்தில் விழுந்து இறந்தது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அன்று மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிட்டோம்.

சரி, ஜீன் டெஸ்ட் எடுத்தோம். ஒரே ரத்த மாதிரியில் பல ஜீன்களை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டில், ஒரு ஜீனில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று இருந்தது. புரட்டிப் பார்த்த டாக்டர் (பெயர் வேண்டாம்) “ஒண்ணுமில்ல, வீட்ல யாரும் பயப்பட வேண்டாம்” என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தோம். அப்புறம் வேறொரு டாக்டர்தான், தெரியவில்லை என்பது இல்லை என்று ஆகாது, கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் எக்கோவும் ஈசிஜியும் எடுத்தே ஆக வேண்டும் என்று சத்தம் போட்டார். அக்கா மகனுக்கு, கல்லூரி கபடி அணியில் இருப்பவனுக்கு, 17 மில்லிமீட்டர்.

இந்த ‘தெரியவில்லை’ நம்மவர்களுக்கு அதிகம் வருவதற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணுத் தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அமெரிக்காவில் இதே நோய்க்கு, கறுப்பினத்தவரிடம் சகஜமாக இருக்கும் சில மாற்றங்களையே நோய்க்குக் காரணம் என்று தவறாக முத்திரை குத்தியிருந்தது 2016இல் வெளிவந்தது. நம் பக்கம், இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் ஒரு இதயத் தசை ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2009இல் வெளியிட்ட குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தவர்களும் இருந்தார்கள். அப்படி விடுபட்டிருக்கும் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. இந்த நுணுக்கமெல்லாம் ரிப்போர்ட்டை நீட்டும் கவுன்ட்டரில் யார் சொல்வது? இந்தியர்களின் மரபணுக்களைப் படிக்கும் ஜீனோம் இந்தியா திட்டத்தில் பத்தாயிரம் பேரின் மரபணுத் தகவல்களை 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள், நல்லது. ஆனால் பழைய ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லி எங்களுக்கு யாரும் போன் செய்யவில்லை.

பெரியம்மா வேறு, “கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்கா, வெளியே சொல்லாதே” என்கிறார். அவர் மகள் இன்னும் எக்கோ எடுக்கவில்லை.

டெஸ்ட் எடுக்கும் இடங்களே, எடுப்பதற்கு முன்பும் பின்பும் குடும்பத்தை உட்கார வைத்துப் பேச ஒரு மரபணு ஆலோசகரை வைத்தாக வேண்டும் என்று எழுதுங்கள். தம்பிக்கு மாறிய அதே எழுத்து அக்கா மகனுக்கும் மாறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் அனுப்பியிருக்கிறோம். ரிப்போர்ட் வரும் அன்று அரை மணி நேரம் வேண்டும் என்று அந்த இரண்டாவது டாக்டரிடம் இப்போதே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை