வரலாறு படிக்கப் போகும் உன் மகளுக்கு

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மருமகன் வேலை மாறிய கதையை நேரில் பேசுவோம், அது நீளம்.

மகள் பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாள், என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டிருந்தாய். கைடு, நோட்ஸ் எதுவும் வாங்காதே. அவற்றில் வருஷம் இருக்கும். அது எப்படித் தெரியவந்தது என்பது இருக்காது.

முதலில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளேக்கு நெருக்கமாக இருந்து, பிறகு தலைமை துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், ஆனவர். 1736-ல் எழுத ஆரம்பித்தார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தது பாடப்புத்தகத்தில் ஒரே வரி. ஊரைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே, பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பித் தரலாம் என்கிறார்; டூப்ளே கூடாது என்கிறார். அந்தச் சண்டை நாளுக்கு நாள் முற்றுவதைப் பிள்ளை பக்கத்திலிருந்து எழுதுகிறார். ஆனால் டூப்ளேயின் மனைவியைப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது! அந்த அம்மாளைப் பற்றிய பக்கங்களைப் படித்தால், "இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்று உன் மகளுக்கே தோன்றும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தமாதிரி.

ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதி. இன்டர்நெட் ஆர்கைவில் இலவசம். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், 1746 மட்டும் போதும். கூடவே எச். டி. லவ் 1913-ல் பழைய மதராஸைப் பற்றி வெளியிட்ட தொகுதிகளில் அதே முற்றுகையைப் பார்க்கட்டும். அது ஆங்கிலேயர் பக்கத்துக் கதை.

அடுத்தது கல்வெட்டு. பயந்துவிடப் போகிறாள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் (South Indian Inscriptions) என்ற நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் பகுதியை மட்டும் காட்டு. ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் (கோயிலில் ஆடுகிறவர்கள்) பட்டியல் அதில் இருக்கிறது: பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு; பங்கு ஒன்றுக்கு 100 கலம் (பழைய தானிய அளவு) நெல். போர்களையே படித்து அலுத்தவளுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பொது வரலாற்று நூல் ஒன்றும் வேண்டும்தான். எதை வாங்கினாலும் அடிக்குறிப்பு இருக்கிறதா என்று புரட்டிப் பார். மலிவுப் பதிப்புகளில் சிலர் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

இணைப்புகளைப் பேரனிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். லபூர்தொனே செய்தது சரியா, தப்பா என்று அவள் எனக்கு எழுதட்டும். நான் அவர் கட்சி. உன் மகள் எப்படியும் டூப்ளே பக்கம்தான் நிற்பாள்.

அன்புடன்,
ராமு