12 சிப்களில் 7 பழுது: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: ஆராய்ச்சி மாணவி, காரைக்குடி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை
பொருள்: எண்ணெய்க்குள் நீர்த்துளி உருவாக்கிப் பிரிக்கும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்களில் (மிக நுண்ணிய சேனல்களில் திரவம் ஓடும் சிப்கள்) குறைபாடு

ஐயா, வணக்கம்.

உங்களிடம் வாங்கிய 12 சிப்களில் 7 வேலை செய்யவில்லை. சேனல் முழுவதும் நீர் ஒட்டாத கோட்டிங் போட்டு, ஒவ்வொன்றையும் சோதித்ததாகப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளை நம்பித்தான் நேராக வேலையில் இறங்கினோம்.

சிரிஞ்ச் பம்பை ஓட்டிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரு பக்கமும் வரும் ஃப்ளோரின் எண்ணெய் நடுவில் வரும் தண்ணீரை நெரிக்கும் இடத்தில், 50 மைக்ரான் துளிகள் அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக வர வேண்டும். முதல் அரை நிமிடம் அப்படித்தான் வந்தன. அப்புறம் தண்ணீர் சுவரில் ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது. நூல் தள்ளிப்போய் அறுந்து, கடுகும் மிளகுமாகத் துளிகள் விழுந்தன.

சிப்பின் உடலான பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரைக் கண்ணாடியோடு ஒட்டப் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டினால், சுவர் தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். மேலே ஃப்ளோரோசைலேன் என்ற நீர் ஒட்டாத கோட்டிங் விட்டால்தான் சரியாகும். பழுதான ஒன்றில் நாங்களே கோட்டிங் விட்டு உலர்த்தி ஓட்டினோம். ஒரு மணி நேரம் பிசகாமல் ஓடியது. குறை எங்கே என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

பிரிக்கும் இடத்தில்தான் பெரிய நஷ்டம். நாங்கள் தேடும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியா இருந்தால் துளி ஒளிரும்; அந்தத் துளியை மட்டும் மின்புலம் குறுகிய சேனலுக்குள் இழுக்க வேண்டும். மற்றவை அகலமான கழிவுச் சேனலில் தானாகப் போய்விடும். இங்கே முட்டிமோதி வந்த துளிகள் மின்புலம் பட்டதும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரு துளிக்குள் ஒரே பாக்டீரியா என்பதுதான் இந்த முறைக்கு உயிர். அதற்காகவே பத்துக்கு ஒன்பது துளி காலியாகப் போகும் அளவுக்குப் பாக்டீரியாக் கரைசலை நீர்க்கச் செய்கிறோம். துளிகள் கலந்தபின் எந்த பாக்டீரியா நொதியைச் சுரந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தச் சோதனைக்குப் பயன்படுத்திய சேற்று மாதிரி, கோடையில் வற்றிய ஊருணியின் அடிச்சேற்றிலிருந்து நானே இறங்கி எடுத்தது. மிச்சம் இல்லை. இப்போது மழை பெய்து ஊருணி நிரம்பிவிட்டது. இனி அடுத்த கோடைதான்.

போனில் கேட்டதற்கு, "உங்க ஊர் வெயிலில் கெட்டிருக்கும்" என்றார் உங்கள் ஊழியர். மனசு மிகவும் வருந்தியது. அதே பெட்டியில், அதே வெயிலில் வந்த மற்ற 5 சிப்களும் நன்றாகத்தானே ஓடுகின்றன? பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் கலவை ஊற்றி டைல் செய்கிறார்கள். நான் பார்த்த பட்டறையில் ஒவ்வொரு டைலையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே அடுக்கினார்கள். நீங்களும் திரவ சிலிக்கோனை அச்சில் ஊற்றித்தான் சிப்பை எடுக்கிறீர்கள். அந்த அக்கறையைத்தான் எதிர்பார்த்தோம்.

15 நாட்களுக்குள், முறையாகக் கோட்டிங் போட்ட 7 சிப்களை உங்கள் செலவில் அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு சிப்பின் எண்ணோடும் அதில் துளி ஓடிய வீடியோ இருக்க வேண்டும். முடியாவிட்டால் ஏழுக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். எங்கள் வீடியோக்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி