இங்கிலாந்தில் குளிர் விட்டது நல்ல செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். முன்பு போல் குளிர் இல்லை, நல்ல வெயில் அடிக்கிறது, கென்ட்டிலும் சஸெக்ஸிலும் திராட்சைத் தோட்டங்கள் பெருகிவிட்டன, ஆகவே அந்த நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று கட்டுரையாளர் மகிழ்ந்திருக்கிறார். அவர் தங்கியது பத்து நாள். நான் 1986 முதல் கிழக்கு லண்டனில் வசிக்கிறேன். திராட்சைத் தோட்டங்கள் உண்மைதான். நல்ல காலம் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வந்த முதல் குளிர்காலத்திலேயே, 1987 ஜனவரியில், பகல் முழுவதும் உறைநிலைக்கு மேல் ஏறாத நாட்களைப் பார்த்தேன். அதையே பெருங்குளிர் என்று நினைத்தேன். நான் காய்கறி பயிரிடும் துண்டு நிலத்துக்குப் பக்கத்து நிலத்தை வைத்திருப்பவர் எண்பதைத் தாண்டியவர். 1962 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழுந்த பனி மார்ச் வரை கிடந்ததையும், வேலியோரம் பறவைகள் செத்து விழுந்து கிடந்ததையும் அவர் சொன்ன பிறகுதான் என் அளவுகோல் சிறியது என்று தெரிந்தது. அதற்கும் முந்தைய கதை இருக்கிறது. 1683–84 குளிர்காலத்தில் தேம்ஸ் ஆறு வாரக்கணக்கில் உறைந்து, அதன் மேல் கடைவீதியே போட்டார்கள். அச்சு இயந்திரம்கூட வைத்தார்கள். ஆற்றின் மேல் அப்படிக் கடைசியாகச் சந்தை கூடியது 1814இல். இதற்குக் குளிர் மட்டும் காரணமன்று என்பதையும் சொல்ல வேண்டும். பழைய லண்டன் பாலத்தின் நெருக்கமான தூண்கள் நீரோட்டத்தைத் தடுத்து வைத்திருந்தன. அந்தப் பாலத்தை இடித்த பிறகு, 1963இன் கடுங்குளிரில்கூட நகருக்குள் ஆறு உறையவில்லை.

இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்ல முடிகிறது? இந்த மக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் எப்போதும் வானிலையையே பேசுகிறார்கள் என்று நம்மவர் சிரிப்பதுண்டு. எனக்கு அந்தப் பேச்சின் மீது பெரிய மரியாதை உண்டு. மத்திய இங்கிலாந்தின் மாத வெப்பநிலைப் பட்டியல் 1659இலிருந்து தொடர்கிறது. வெப்பமானி கொண்டு அளந்த பட்டியல்களில் உலகிலேயே நீண்டது அதுதான். சிதறிக் கிடந்த பழைய குறிப்புகளைத் தேடி ஒப்பிட்டுக் கோத்தவர் கார்டன் மேன்லி என்ற காலநிலை ஆய்வாளர். நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் ஒரு வேலையைத் தொடங்கினார். முதல் தவளைச் சத்தம் என்றைக்குக் கேட்டது, ஓக் மரம் என்றைக்குத் துளிர்த்தது, தகைவிலான் குருவி என்றைக்கு வந்தது என்று ஆண்டுதோறும் குறித்தார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 வரை குறித்து வந்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒரே குடும்பம் வசந்தத்தின் வருகையைப் பதிவு செய்திருக்கிறது! இன்றைக்கு ஓக் மரம் அந்தக் காலத்தைவிட எவ்வளவோ முன்னதாகத் துளிர்க்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிவது அவர்களால்தான்.

துளிர் முந்தினால் என்ன கெட்டது என்று கேட்கலாம். என் பிளம் மரம் மார்ச்சிலேயே பூத்துவிடுகிறது. உறைபனியோ ஏப்ரல் முடியும்வரை வரக்கூடியது. பூ முந்திக்கொள்கிறது, பனி தன் நாளை விட்டுக்கொடுப்பதில்லை. 2017 ஏப்ரல் இறுதியில் ஓரிரு இரவுப் பனியில் ஆப்பிள் பூக்களும் திராட்சைக் குருத்துகளும் பல தோட்டங்களில் கருகிப்போயின. கட்டுரையாளர் தாம் பார்த்த திராட்சைத் தோட்டத்தில், வசந்த இரவுகளில் கொடி வரிசைகளுக்கிடையே எதற்காகப் பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றி வைக்கிறார்கள் என்று விசாரித்திருக்கலாம்.

2015 டிசம்பரை மறக்க முடியாது. மத்திய இங்கிலாந்தில் மாதச் சராசரி 9.7 டிகிரி, வழக்கமான ஏப்ரலைவிட அதிகம். வசந்தத்தில் பூக்க வேண்டிய டாஃபடில் பூக்கள் டிசம்பரிலேயே பூத்தன. பலர் மகிழ்ந்தார்கள். அதே மாதத்தில்தான் வடக்கே கம்ப்ரியாவில், ஹானிஸ்டர் கணவாயில், 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெப்பமான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் இறக்கிவிட்டுப் போகும். மழைக்குப் பழகிய அந்த ஊர்களிலேயே வீடுகள் மூழ்கின.

பிறகு 2022 ஜூலை 19. லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி, இந்த நாட்டில் 40ஐத் தொட்டது அன்றுதான் முதல் முறை. சென்னை வாசகர்களுக்கு இது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் இங்கே செங்கல் வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. கூரையில் மின்விசிறி கிடையாது. என் வீட்டு மாடியறையில் அன்றிரவு படுக்கவே முடியவில்லை. அன்று பிற்பகலில், நான் இருக்கும் இடத்திலிருந்து சில மைல் தொலைவில், வெனிங்டன் கிராமத்தில் காய்ந்த புல்லில் பிடித்த தீ வீடுகளை எரித்தது. அந்த ஆண்டு வெப்ப அலை நாட்களில் இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்கள் 2,800 பேருக்கு மேல் கூடுதலாக இறந்ததாக அரசின் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. மேன்லி கோத்த பட்டியலில் ஆண்டுச் சராசரி 11 டிகிரியைத் தாண்டியதும் அந்த ஆண்டில்தான் முதல் முறை.

1976இலும் கொடிய வறட்சி வந்ததே என்பார்கள். வந்தது. ஜூன் 23 தொடங்கிப் பதினைந்து நாள் தொடர்ந்து இங்கிலாந்தின் ஏதாவதோர் இடத்தில் 32 டிகிரியைத் தாண்டியது. வறட்சிக்கென்றே அமைச்சர் நியமிக்கப்பட்டார். அன்று அது அரிதாக வந்த கோடை. இன்றும் மக்கள் அந்த ஆண்டைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். இப்போதோ 2003, 2019, 2022 என்று உச்ச வெப்பச் சாதனைகள் ஒன்றையொன்று முறியடித்துக்கொண்டே வருகின்றன.

குளிரால் நடுங்கி வந்த நானே குளிருக்காக வாதாடுகிறேன் என்பது விந்தையாகத் தோன்றலாம். பக்கத்து நிலத்துக்காரர் இன்றும் தம் கொட்டகை வாசலில் மழைமானி வைத்து, காலையில் அளந்து, நோட்டில் எழுதுகிறார். அவர் முன்னால் நின்று 'நல்ல காலம் பிறந்துவிட்டது' என்று என்னால் சொல்ல முடியாது. பயணக் கட்டுரையின் அடுத்த பகுதியை வெளியிடும்போது, மேலே உள்ள அளவுகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.