நாற்காலியோடு ஏற ஒரு பேருந்து வேண்டும்

குமரி மாவட்டத்தில் பேருந்துகளை இயக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் தக்கலையில் ஒரு பேருந்து என்னை ஏற்றாமலே போய்விட்டது. "சக்கர நாற்காலி வைக்க இடமில்லம்மா, அடுத்த வண்டியில வாங்க" என்றார் நடத்துநர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் அவரும் என்ன செய்வார்? வண்டி அப்படி.

சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது. நன்றி. ஆனால் ஏற முடிந்தால்தானே? வாசல் கம்பிகளுக்கிடையே நாற்காலி நுழையாது. ஆளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அக்குளில் கை கொடுத்து ஒருவர், கால்களைப் பிடித்து இன்னொருவர். சேலை விலகும். என் கை இரண்டும் அவர்கள் தோளில் இருக்கும், இழுத்து விடவும் முடியாது. "பயப்படாத மக்களே" என்கிறார்கள், நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் என்னைத் தொட்டுத் தூக்க வேண்டியிருக்கிறதே, இதை எத்தனை காலம் பொறுப்பது? இறங்கும்போது மறுபடியும் அதே பாடு.

நாற்காலியோடு ஏறும்படி சாய்தளம் உள்ள தாழ்தளப் பேருந்து வேண்டும். சென்னையில் 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. தளம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரம்தான், நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கும். "இங்கே மலைப்பாதை" என்று பதில் வரலாம். நான் கோதையாறுக்குக் கேட்கவில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் நெடுஞ்சாலையில் கேட்கிறேன். பழைய வண்டிகளையும் இயன்றவரை மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு.

விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம் போட்டார்கள், 37 கோடி ரூபாயில். எனக்கும் பெருமைதான். ஆனால் கடலுக்கு மேல் வழி போட முடிந்த மாவட்டத்தில், ரோட்டிலிருந்து பேருந்துக்குள் போக எனக்கு வழியில்லை என்றால் கோபம் வராதா? நடைபாதையை மறித்து நிற்கும் பைக்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நாற்காலியோடு ஏறக்கூடிய பேருந்து ஒன்றை முதலில் தக்கலையிலிருந்து ஆசாரிபள்ளத்துக்கு விடுங்கள். காலையில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரத்துக்கு ஒரு நடை, மதியம் திரும்ப ஒரு நடை. அது வரும் நேரத்தை நிறுத்தத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை புதுப் பேருந்து வாங்கும்போதே இதையும் சேர்த்துவிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு பயணி