தாடையைத் தூக்கி ஆடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா நலம். பத்து நாளாக உன்னிடமிருந்து போன் இல்லை. பயிற்சி கடுமையாக இருக்கும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்த்தோம். ஒன்பது டேக்கிள், பந்தோடு ஓடியவனை ஒன்பது முறை மடக்கி வீழ்த்திவிட்டாய்! மூன்றாவது குவார்ட்டரில் ஓடி வந்தவனை நீ நிறுத்தியபோது அம்மா எழுந்து நின்றே கைதட்டினாள். ஆனால் மோதுவதற்கு முன் கடைசி எட்டு வைக்கும்போது தலையைக் குனிந்துவிட்டாய். குனிந்தால் கழுத்தின் இயல்பான வளைவு போய் எலும்புகள் ஒரே நேராக நின்றுவிடும்; மோதும் வேகம் முழுக்க உச்சந்தலை வழியாகக் கழுத்துக்குள் இறங்கும். தாடையைத் தூக்கு. கண் அவன் இடுப்பில் இருக்கட்டும். அவன் பக்கம் இருக்கும் உன் காலை ஊன்றி அதே பக்கத் தோளால் தொடைமேல் இடி. உன் தலை அவனுக்கு முன்னால் போகக் கூடாது. கைகளைப் பூட்டிக்கொண்டு ஐந்து எட்டு எடுத்து வைத்துத் தள்ளிக்கொண்டே போ. ஹெல்மெட்டைத் தாழ்த்தி மோதினால் 2018 முதல் 15 யார்டு அபராதம். அந்த 15 யார்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

எழுந்ததும் எதிரணி நின்ற பக்கம் நடந்தாயே. உன் ஆள் ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். இரவில் தூக்கம் வருகிறதா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. சீசனுக்கு முன் எடுக்கும் மூளைச் சோதனையில் வேண்டுமென்றே மெதுவாகப் பதில் சொன்னாயா? அடிபட்ட பிறகு வரும் மதிப்பெண்ணை அதோடுதான் ஒப்பிடுவார்கள். முதலிலேயே குறைத்து வைத்தால் பிறகு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

தலையில் அடிபட்டவன் மறுபடி ஆட வர ஓய்வு, சைக்கிள் மிதிப்பது, ஆட்டத்துக்கான உடற்பயிற்சி, மோதலில்லாப் பயிற்சி, முழு ஆட்டம் என்று ஐந்து படி. எந்தப் படியில் தலைவலி திரும்பினாலும் அங்கேயே நில். கடைசியில் அணியைச் சாராத நரம்பியல் மருத்துவரும் சம்மதிக்க வேண்டும். அணியின் 53 பேர் பட்டியலில் இருக்கும்வரை ஆடாத வாரத்துக்கும் சம்பளம் வரும். ஓய்வூதியத்துக்குத் தேவையான மூன்று சீசன் உனக்கு வந்துவிட்டது. பிறகு எதற்கு அவசரம்?

இதே ஆட்டத்தில் பெயர்பெற்ற தடுப்பாட்டக்காரர் ஜூனியர் சேயாவ் 20 சீசன் ஆடினார். 2012இல், 43 வயதில் போய்விட்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் CTE என்ற நோயால் மூளை சிதைந்திருந்தது இறந்த பிறகுதான் உறுதியானது. உயிரோடு இருக்கும்போது அந்த நோயை உறுதிப்படுத்தும் சோதனை இன்றுவரை இல்லை.

தாடையைத் தூக்கு என்று இப்போது எழுதுகிறேன். பத்து வயதில் உன்னைப் பின்கட்டில் நிறுத்தி, "நெற்றியை அவன் மார்பில் வை" என்று பழக்கியவன் நான். கண் இருண்டாலும் கோச்சிடம் சொல்லாதே, வெளியே உட்கார வைத்துவிடுவார் என்றதும் நான்தான். அன்று நீ காரில் வாந்தி எடுத்தாய். வெயில் என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இன்றிரவு அவளிடம் சொல்லப் போகிறேன். நீ நாளைக் காலையே மருத்துவரிடம் போ. போய்விட்டு வந்து எனக்குப் போன் செய். "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே.

அப்பா